விலக்கைக் கடந்தபின் வந்த குரல்

மதுரையிலிருந்து இராமேசுவரம் செல்லும் நெடுஞ்சாலையைப் பார்த்திபனூரில் விட்டுப் பிரிந்து, அபிராமம் வழியாகக் கமுதிக்குப் பிரயாணம் செய்வோரின் மனத்தை முதலில் கவர்வது அப்பிரதேசத்து ஆகாயத்தின் விஸ்தாரமே ஆகும். கண்மாய்க் கரைகளும், அவற்றின்மேல் நிற்கும் பனைகளும், தரிசு நிலங்களையெல்லாம் ஆக்கிரமித்துக்கொண்ட சீமைக் கருவேலும் தவிர, மலையென்றோ மாடமாளிகையென்றோ அங்கே தலைநீட்டுவது ஒன்றுமில்லை. 2016ஆம் ஆண்டில் கமுதி வட்டாரத்தில் ஏறத்தாழ 2,500 ஏக்கர் பரப்பில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்ததும் இந்தத் தடையற்ற வெயிலை நம்பித்தான். இத்தகைய வெட்டவெளியில் ஒரு வழிகாட்டிச் செயலி தடுமாறக் கண்டது எனக்கு மிகுந்த ஆச்சரியத்தை அளித்தது.

வாடகைக் காரை ஓட்டிவந்த இளைஞர் தமது கைப்பேசியில் கமுதிக் கோட்டையைக் குறித்துவைத்து, அதன் ஒலியைப் புளூடூத் மூலம் காரின் ஸ்பீக்கரில் கேட்கும்படி செய்திருந்தார். ஆனால் குரல் எங்கள் காதில் விழுந்த சமயத்தில், திரும்பவேண்டிய விலக்கு எங்களுக்குப் பின்னே போய்விட்டிருந்தது. “பாருங்க சார், விலக்கைத் தாண்டுன பெறகுதான் இது வாயத் தெறக்குது” என்று அவர் வருந்தினார். எதிரே மணல் லாரி வரும் ஒடுங்கிய சாலையில், பின்னால் பேருந்து ஒலிப்பானை அலறவிட, வண்டியைத் திருப்புவதற்கு இடம் தேடும் சங்கடத்தை அனுபவித்தவர்கள் இதை அற்ப விஷயம் என்று ஒதுக்கமாட்டார்கள்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் பதினாறு மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. மூன்று விநாடி தாமதித்தால் ஐம்பது மீட்டர் போய்விடுகிறது. சென்னைப் பாரிமுனைச் சந்துகளிலானால், உயர்ந்த கட்டடங்களின் சுவரில் சமிக்ஞைகள் மோதித் திரும்புவதால் இடம் பிசகுகிறது என்று காரணம் கூறலாம்; கமுதிச் சாலையில் அதற்கு இடமேது? ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. அவற்றின் சமிக்ஞை நேர் கீழே உள்ள நம் கைக்கு வந்துசேர ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு போதும். அவை சுமந்து செல்லும் அணுக் கடிகாரங்கள், ஐன்ஸ்டைனின் சார்பியல் விதிப்படி, பூமியிலுள்ள கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோவிநாடி முந்துமென்று கணக்கிட்டு, அந்த சூக்ஷ்ம வேறுபாட்டையும் முன்கூட்டியே திருத்தி வைத்திருக்கிறார்கள். ஆகாயத்தில் இவ்வளவு சிரத்தையோடு காக்கப்பட்ட காலம், கைப்பேசிக்கும் நம் காதுக்கும் இடைப்பட்ட ஒரு முழத் தூரத்தில் வீணாகிறதென்றால், அங்கேதான் தேடவேண்டுமென்று எனக்குத் தோன்றிற்று.

கமுதிப் பேருந்து நிலையத்தருகே தேநீர் அருந்த அமர்ந்தபோது, “தம்பி, அந்தப் போனைக் கொஞ்சம் கொடுங்கள்” என்று வாங்கிப் பார்த்தேன். திரையின் மேல்விளிம்பில் பேட்டரி சேவரின் அடையாளம் இருந்தது. மின்சக்தியை மிச்சப்படுத்தும்பொருட்டு அந்த ஏற்பாடு, ‘நான் எங்கே இருக்கிறேன்’ என்று கைப்பேசி அடிக்கடி கேட்பதைக் குறைத்துவிடுகிறது. அதனால்தான் வரும் வழியெல்லாம் அம்புக்குறி தவளைபோல் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்து, பிறகு கண்மாய் வளைவு முழுவதையும் ஒரே தாவாகத் தாவிற்று. அதை அணைத்தபின் ஊருக்குள் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தோம். அம்புக்குறி வண்டியோடு ஒட்டி நகர்ந்தது.

ஆயினும் வாக்கியத்தின் தலைப்பகுதி கேட்கவில்லை. “…பக்கம் திரும்பவும்” என்பது மாத்திரமே கேட்டது. புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதித்து வருவது ஒருபுறமிருக்க, மௌனமாயிருந்த ஸ்பீக்கர் விழித்துக்கொள்வதற்குள் முதற்சொற்கள் கழிந்துவிடுகின்றன. இணைப்பை நீக்கிக் கைப்பேசியையே பேசவிட்டதும் அந்தக் குறையும் நிவர்த்தியாயிற்று. ஊர்களுக்கு இடையே சிக்னல் அறுந்துபோகும் பாதையாதலால், அவ்வட்டாரத்து வரைபடத்தையும் முன்னதாகவே இறக்கிவைத்துக்கொள்ளச் சொன்னேன்.

கோட்டையைப் பார்த்தபின் பெருநாழி வழியாகச் சாயல்குடிக்குச் செல்வதாக நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், “பெருநாழிப் பக்கந்தானே போறீக? கண்மாய்க் கரை முடியுறப்பவே வண்டிய மெதுவா விடுங்க, ஒத்தப் பனை தெரியும், அத ஒட்டிச் சோத்தாங்கைப் பக்கம் திரும்பிருங்க” என்றார். வேகத்தைக் குறைக்கவேண்டிய இடத்தை முதலிலும், திரும்பவேண்டிய இடத்தைப் பின்னரும் சொல்லும் இந்த முறையைச் செயலி செய்வோர் அவசியம் கற்கவேண்டும். மீட்டர்க் கணக்கு ஓட்டுகிறவன் கண்ணுக்குத் தெரிவதில்லை, பனை தெரிகிறது.

கோட்டையைப் பார்த்துவிட்டுப் பெருநாழி மார்க்கமாகச் சாயல்குடிக்குச் சென்றபோது குரல் உரிய காலத்தில் வந்தது, ஒரேயொரு முக்கைத் தவிர. அங்கே சாலையை அகலப்படுத்திப் பிரிவையே சற்று முன்னால் நகர்த்தியிருந்தார்கள். வரைபடமோ பழைய பிரிவையே காட்டிற்று. சாயல்குடியில் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொட்டதும் வண்டியை ஓரங்கட்டிய அவ்விளைஞர், அந்த முக்கின் சரியான இடத்தைத் திரையில் தொட்டுக் குறித்து, திருத்தம் கோரும் பகுதியில் எழுதி அனுப்பினார்.