மலிவான வண்டி

டில்லியின் கரோல்பாக் பகுதியில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்று 2010ஆம் ஆண்டு டீசல் மகிழுந்து வாங்கியது. அந்நாளில் டீசல், பெட்ரோலைவிட மலிவு. ஆகவே, டீசல் வண்டியின் விலை கூடுதல் என்பதைத் தந்தை பொருட்படுத்தவில்லை. நாள்தோறும் நெடுந்தொலைவு ஓடினால்தான் அக்கூடுதல் தொகை மீளும். அவ்வண்டியோ அலுவலகத்திற்கும் சந்தைக்குமே சென்று வந்தது. 2014இல் அரசு டீசல் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியபின் மலிவு என்னும் கணக்கும் தளர்ந்தது.

புகையோ பணக் கணக்கில் அடங்காதது. அதிலுள்ள நுண்ணிய கரித்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்லும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2012இல் அறிவித்தது. குளிர்காலத்தில் டில்லியின் புகை மேலெழாமல் தரையையொட்டியே தங்கிவிடும். அம்மாதங்களில் அவ்வீட்டு மகள் புத்தகப் பையில் இன்ஹேலருடன் பள்ளிக்குச் சென்றாள். அவளது மூச்சுத்திணறலுக்கு அந்த ஒரு வண்டியே காரணம் என்பது நேர்மையாகாது. எனினும், ‘எங்கள் வண்டி ஒன்றாலா?’ என்றே ஒவ்வொரு வீட்டாரும் கேட்டனர்.

2018இல் உச்ச நீதிமன்றம், தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடுவதைத் தடை செய்தது. பெட்ரோல் வண்டிகளுக்கு வரம்பு 15 ஆண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த அவ்வண்டியை 2020இல் விற்க வேண்டியதாயிற்று. வாங்க வந்தவர் கூறிய விலையைக் கேட்டுத் தந்தை நெடுநேரம் பேசவில்லை. மகளே சாவியை எடுத்து வந்து கொடுத்தாள்.