பழைய மேக்குக்கும் புரியும்படி

பில்ட் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எர்ரரைக் கண்டு பயப்படுகிறார்கள். மேக் (make) என்ற பில்ட் கருவியின் பழைய பதிப்பு எர்ரர் காட்டி நின்றால் அது உபகாரம்; எந்த வரி என்று அதுவே சொல்லிவிடும். புது இலக்கணத்தை அது மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு, வேறு அர்த்தத்தில் ஓட்டிவிடுவதற்குத்தான் பயப்பட வேண்டும்.

ஆப்பிளின் டெவலப்பர் கருவிகளோடு வரும் க்னூ மேக், 2006இல் வெளியான 3.81. அடுத்த பதிப்பிலிருந்து உரிமம் ஜிபிஎல் 3 ஆனது. ஆப்பிள் அங்கேயே நின்றுகொண்டது. சென்டோஸ் 7இல் இருப்பது 3.82. அந்த சர்வர்களை இன்னும் நம்பியிருப்பவர்களுக்கும் நம் கோட் பில்ட் ஆக வேண்டும்.

ஒன்ஷெல் என்ற சிறப்பு டார்கெட்டைப் பாருங்கள். அதை எழுதிவிட்டால் ஒரு ரெசிபியின் எல்லா வரிகளும் ஒரே ஷெல்லில் ஓடும். வந்தது 3.82இல். கிளீன் ரெசிபியில் முதல் வரி ‘பில்ட் டைரக்டரிக்குப் போ’, இரண்டாவது வரி ‘இங்கே இருப்பதையெல்லாம் அழி’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். 3.81க்கு ஒன்ஷெல் தெரியாது, முனகவும் செய்யாது. வரிக்கு ஒரு ஷெல் திறக்கும். டைரக்டரி மாறியது முதல் வரியோடு போச்சு. இரண்டாவது வரி பிராஜெக்டின் வேரிலேயே நின்று சோர்ஸை அழிக்கும். இரண்டையும் && போட்டு ஒரே வரியாக்குங்கள்; எந்தப் பதிப்பிலும் ஒரே அர்த்தம்தான்.

பார்சரை எழுதித்தரும் பைசன், ஒரே ஓட்டத்தில் பார்சரின் சி ஃபைலையும் ஹெடரையும் தருகிறது. இதைச் சொல்லத்தான் 2020இல் வந்த மேக் 4.3 &: என்ற குறியைத் தந்தது. பழைய மேக்கோ அந்த & குறியை இன்னொரு டார்கெட்டின் பெயராக எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு டார்கெட்டுக்கும் ரெசிபி தனியாக ஓடுவதால், பேரலல் பில்டில் இரண்டு பைசன் ஒரே ஃபைலில் எழுதும். பாதி எழுதிய ஹெடரைக் கம்பைலர் படிக்கும். மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும், எல்லோரும் மெஷினைத் திட்டுவார்கள். இரண்டு டார்கெட்டையும் % வைத்து ஒரே பேட்டர்ன் ரூலாக எழுதினால், பழசு புதுசு எதுவானாலும் ரெசிபி ஒருமுறைதான் ஓடும்.

வைல்டுகார்டைச் சார்ட்டுக்குள் வைக்காமல் விடாதீர்கள். 3.82 முதல் 4.3க்கு முன்பு வரை அது வரிசைப்படுத்தித் தரவில்லை.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுத்தந்த அண்ணன் ஒவ்வொரு வெளியீட்டின் நியூஸ் ஃபைலையும் பென்சிலும் கையுமாகப் படிப்பார். அவருடைய மேக்ஃபைல்களின் தலையில் # குறியை மட்டும் வைத்திருக்கும் ஒரு வேரியபிள் இருக்கும். ஃபங்ஷனுக்குள் # போட 4.3 வரும்வரை பேக்ஸ்லாஷ் வேண்டும், 4.3இல் போட்டால் அந்த பேக்ஸ்லாஷ் நீங்காமல் #-ஓடு அப்படியே ஒட்டிக்கொள்ளும். வேரியபிள் வழியாகக் கொடுத்தால் இரண்டிலும் சரி. பதிப்பைப் பார்த்துக் கிளை பிரிக்க மட்டும் விடமாட்டார். “ரெண்டு கிளை வெச்சா தினம் ஓடுறது ஒண்ணுதான் தம்பி. இன்னொண்ணு அழுகிடும்” என்பார். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

பழைய பதிப்பை மறக்காத இந்தக் கவனம் சிமேக் என்ற கருவியிலும் உண்டு. அதை உருவாக்கியவர்களின் ஒரு கைநேர்த்தியை நினைத்தால் இன்றும் சந்தோஷமாக இருக்கிறது. குறைந்தபட்சப் பதிப்பை 2.8.12...3.10 என்று மூன்று புள்ளி வைத்து எழுதலாம். 3.12க்கு முந்தைய சிமேக் அந்தப் புள்ளிகளைப் பதிப்பெண்ணின் பிரிப்பான்களாக எண்ணி மீதியை விட்டுவிடும். 3.5க்கு முந்தைய பதிப்புகளுக்கான ஆதரவை 2025இல் கைவிட்ட சிமேக் 4.0கூட, பின்பாதியைப் பார்த்துவிட்டு இந்த வரியை ஏற்றுக்கொள்கிறது.

எழுதிய மேக்ஃபைலை மேக் 3.81 உள்ள மெஷினில் கிளீன் செய்து ஓட்டுங்கள். பிறகு பேரலலாக ஓட்டுங்கள். உடனே இன்னொரு தடவை மேக் அடியுங்கள். அப்போது அது எதையாவது மறுபடி கம்பைல் செய்தால், ஒரு ரூல் இன்னும் தப்பாகவே இருக்கிறது.