ஹட்டன் மலைச்சரிவில் ஒரு நோயாளியின் இல்லம்

கொழும்பிலிருந்து பதுளை நோக்கி ஏறும் புகைவண்டியில் அமர்ந்திருப்போர், நாவலப்பிட்டியைக் கடந்ததும் காற்றின் மாறுதலை உணர்வர். தாழ்நிலத்துப் புழுக்கம் அகன்று சாளரத்தின் வழியே குளிர் நுழையும். மழைக்குப் பெயர் பெற்ற வட்டவளையையும் ரொசல்லையையும் தாண்டி, வளைந்து வளைந்து ஏறும் வண்டி நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் மூச்சு வாங்கி நிற்கும் இடமே ஹட்டன். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் எண்பதுகளில் இரும்புப் பாதை இங்கு எட்டியது. அதற்கு முன் கோப்பியும் பின்னர் தேயிலையும் மனிதர் தோளிலும் மாட்டு வண்டியிலுமே மலையிறங்கின.

பேச்சு வழக்கில் ‘அட்டன்’ என்று வழங்கும் இந்நகரம் பெரியதன்று. மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை சிவனொளிபாதமலைக்குச் செல்லும் யாத்திரிகர் கூட்டம் இதன் கடைவீதியை நிறைத்துவிடும். நல்லதண்ணிக்குப் புறப்படும் பஸ்களில் இடம் பிடிக்கும் அவசரத்தில், சுற்றிலும் உள்ள மலைச்சரிவுகளை அவர்கள் நின்று நோக்குவது அரிது. டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, கொட்டகலை என்று நாற்புறமும் விரியும் தோட்டங்களின் நடுவே, வரிசை வரிசையாகத் தகரக் கூரைகள் தெரியும். அவையே லயங்கள். ஒரு சுவருக்கு இப்பால் ஒரு குடும்பம். அப்பால் மற்றொரு குடும்பம்.

வாசகர்களே, இம்மலைகளின் அழகைப் பலரும் எழுதியுள்ளனர். அவ்வழகின் நடுவே, லயத்து அறை ஒன்றில் அசைவற்றுப் படுத்திருக்கும் நோயாளியைப் பற்றியும், அவரைக் காக்கும் குடும்பத்தாரைப் பற்றியும் இன்று சிறிது சிந்திப்போம்.

மலைநாட்டில் தலைக்கு அடிபடும் வழிகள் பல. வழுக்கும் படிகள், செங்குத்தான மலைகள், நிழல்மரத்தில் ஏறிக் கிளை வெட்டும் தொழில், வளைவு மிகுந்த பாதையில் ஓடும் முச்சக்கர வண்டிகள், மண்சரிவு ஆகிய இவற்றோடு பாரிசவாதமும் சேர்ந்துகொள்கிறது. அடிபட்டவரை லயத்திலிருந்து பாதை வரை கம்பளியில் கிடத்தித் தூக்கி வருவது இன்றும் சில தோட்டங்களில் காணும் காட்சி. பாதையை அடைந்துவிட்டால் உதவி உண்டு. 2016ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவிய ‘1990’ இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். டிக்கோயாவில் இந்திய உதவியுடன் எழுந்து, 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியால் திறந்துவைக்கப்பட்ட 150 படுக்கை கொண்ட ஆதார வைத்தியசாலை உண்டு. மூளையில் சத்திரசிகிச்சை வேண்டுமாயின் கண்டிக்குச் செல்ல வேண்டும்.

அங்கே உயிர் காக்கப்படுகிறது. பல வாரங்கள் கழிந்தபின், “இனி வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம்” என்று வைத்தியர் கூறும் நாள் வருகிறது. மூக்கில் உணவுக் குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய், மடங்கி இறுகத் தொடங்கிய கை, பேசாத வாய் என்னும் இந்நிலையில் நோயாளி மலையேறுகிறார். நேற்று வரை தாதியர் பலர் முறை வைத்துச் செய்த பணியை, இன்று முதல் கொழுந்து கொய்யும் தாயோ மனைவியோ தனியே செய்தாக வேண்டும். அவளுக்கு அதனைக் கற்றுக்கொடுத்தவர் யார்?

கற்க வேண்டியவை மிகக் கடினமானவை அல்ல. ஆனால் ஒன்றையும் விடலாகாது. தானே புரள இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிக் கிடத்த வேண்டும். ஒரே இடத்தில் எடை அழுத்தினால் அவ்விடத்து இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை மடிகிறது, அதுவே படுக்கைப்புண். பிட்டத்தின் மேற்புறம், இடுப்பெலும்பு, குதிகால், முழங்கை ஆகிய இடங்களைத் தினமும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவப்போ கருமையோ தோன்றி, அழுத்தம் நீங்கியும் மறையாவிட்டால் அதுவே முதல் எச்சரிக்கை. அவ்விடத்தைத் தேய்க்கலாகாது.

குழாய் வழியே உணவு ஊட்டும்போது தலைப்புறத்தை நன்கு உயர்த்தி, ஊட்டி முடிந்தபின்னும் ஒரு மணி நேரம் அவ்வாறே வைத்திருத்தல் வேண்டும். குழாய் மூக்கிலிருந்து நழுவியிருக்கிறதா என்று அதில் இட்ட அடையாளத்தைக் கொண்டு ஒவ்வொரு முறையும் பார்த்தல் அவசியம். இருமலோ மூச்சுத் திணறலோ கண்டால் உடனே நிறுத்துக. அன்பின் மிகுதியால் படுத்திருப்பவர் வாயில் கஞ்சியோ தேநீரோ ஊற்றுவது பேராபத்து. அது நுரையீரலுக்குள் சென்று காய்ச்சலாக வெளிப்படும். வாயால் உண்ணாதவருக்கும் தினந்தோறும் வாயைச் சுத்தம் செய்ய வேண்டும்.

வலிப்பு வந்தால் சிலர் கையில் இரும்பைத் திணிப்பர். வாயில் கரண்டியை நுழைப்பர். இரண்டும் வேண்டாம். ஒரு பக்கமாகச் சாய்த்து, தலைக்கடியில் மெத்தென்ற துணியை வைத்து, நேரத்தைக் கவனியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். மலைக்குளிருக்கு அஞ்சிச் சுடுநீர்ப் போத்தலைக் காலருகே வைப்பதும் தவறு. உணர்ச்சியற்ற தோல் வெந்து போவதை நோயாளியால் சொல்ல இயலாது. கம்பளி ஒன்று கூடுதலாகப் போர்த்துவதே நலம். அடுப்புப் புகை அவர் படுக்கும் அறையில் தங்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

உடலைப் போலவே உள்ளமும் பராமரிப்பை வேண்டுகிறது. கண் விழித்திருந்தும் தன்னையோ சூழலையோ அறிந்த குறி எதுவும் காட்டாத நிலைக்கு, 1972ஆம் ஆண்டில் ஜெனட், பிளம் என்னும் இரு வைத்தியர்கள் ஒரு பெயரிட்டு விளக்கினர். சிறிதளவே அறிவு விளங்கும் நிலையொன்று அதனின் வேறானது என்பதை 2002ஆம் ஆண்டில் அறிஞர்கள் வரையறுத்தனர். விரல் அசைவிலோ கண்ணின் நோக்கிலோ அவ்வறிவு தோன்றி மறையலாம். அதனை முதலில் காண்பவர் பெரும்பாலும் அருகிருந்து பார்க்கும் குடும்பத்தாரே. ஆதலின், “இவருக்கு ஒன்றும் தெரியாது” என்று அவர் எதிரே பேசாதீர்கள். பெயர் சொல்லி அழையுங்கள். செய்யப்போவதைச் சொல்லிவிட்டுத் தொடுங்கள். ஒரு நேரத்தில் ஒருவரே பேசுங்கள்.

இவ்வளவும் அறிந்த பின்னும் தோட்டத்தில் ஒரு கணக்கு மிச்சமாக நிற்கிறது. காலையில் பெரட்டுக்குச் சென்று மலையேறும் பெண், எட்டு மணி முதல் நாலரை வரை வேலையில் இருப்பதாகக் கொள்வோம். அதற்குள் நோயாளியை நான்கு முறையேனும் புரட்ட வேண்டும். அவள் வீட்டில் இருந்தால் அன்றைய பேர் இல்லை. மலைக்குப் போனால் புரட்டுவார் இல்லை. ஒருத்திக்கு மட்டும் கற்றுக்கொடுத்து அனுப்பும் பயிற்சி, இக்கணக்கின் முன் தோற்றுவிடும். வீட்டில் இருவருக்கும், அடுத்த காம்பராவில் ஒருவருக்கும் கற்றுக்கொடுப்பதே பொருத்தம். குறைபாடாகவே பேசப்படும் லயத்தின் ஒற்றைச் சுவர், இவ்விடயத்தில் துணையாகலாம். கூப்பிட்டால் கேட்கும் தூரத்திலன்றோ அயலவர் இருக்கிறார்!

வேறிடங்களில் கண்ட அனுபவமும் நமக்கு வழிகாட்டும். 1954ஆம் ஆண்டு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே சத்திரசிகிச்சை செய்தவர். அவர் முயற்சியால் வேலூரில் 1966ஆம் ஆண்டு மறுவாழ்வு நிலையம் எழுந்தது. அங்கே உறவினரும் உடனிருந்து பராமரிப்பைப் பழகுவர். 2004ஆம் ஆண்டு இலண்டனில் வெளியான ஆய்வொன்று, பாரிசவாத நோயாளரின் குடும்பத்தாருக்கு வைத்தியசாலையிலேயே பயிற்சி அளித்ததால் அவர்தம் சுமையும் மனச்சோர்வும் குறைந்தன என்று காட்டியது.

எனினும் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1,250 பாரிசவாத நோயாளரைக் கொண்டு நடத்தி 2017ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தார் அளித்த மறுவாழ்வுப் பயிற்சியால் ஆறு மாத முடிவில் மரணமோ பிறரைச் சார்ந்திருத்தலோ குறையவில்லை. குடும்பத்தின் கை, இயன்மருத்துவரின் கைக்கு மாற்றாகாது என்பதே இதன் பாடம். புண் வராமல் காத்தல், உணவு மூச்சுக் குழாயில் செல்லாமல் காத்தல், அபாயக் குறிகளை அறிந்து விரைதல் ஆகியவையே குடும்பத்தாரின் பணி. அவர்களைக் கொண்டு எல்லாம் செய்துவிடலாம் என்று எண்ணி, வைத்திய சேவை கைவிட்டு ஒதுங்கலாகாது.

ஆகவே, வைத்தியசாலையை விட்டு வருமுன் நீங்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. புரட்டுதலையும் ஊட்டுதலையும் தாதியின் முன்னிலையில் உங்கள் கையாலேயே பலமுறை செய்து காட்டக் கேளுங்கள். பார்த்தது மறந்துபோகும், செய்தது நிற்கும். விதிகளைத் தமிழில் எழுதித் தரக் கேளுங்கள். எழுத்தறியாத பாட்டிக்குப் படமாக வரைந்து தரச் சொல்லுங்கள். குழாய் மாற்ற வர வேண்டிய நாளையும், இரவில் அழைக்க வேண்டிய எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பராமரிப்பவருக்கும் வாரத்தில் ஒரு நாளேனும் முழு உறக்கம் வேண்டும் என்பதை வீட்டார் கூடித் தீர்மானியுங்கள்.

தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா என்றொரு ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. தாய் மலையில் இருக்கும்போது அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி இருப்பாள். அவளுக்குச் சம்பளமும் உண்டு. குழந்தைக்குச் செய்ததைப் படுக்கையில் கிடக்கும் மகனுக்கும் செய்ய முடியாதா? பயிற்சி பெற்ற ஒருத்தி, பத்து மணிக்கும் நண்பகலுக்கும் இரண்டுக்கும் நான்குக்கும் லயம் லயமாகச் சென்று நோயாளரைப் புரட்டிவிட்டு வந்தால், அந்த வீட்டுத் தாய்க்கு அன்றைய பேரும் கிடைக்கும். மகனின் முதுகும் புண்ணாகாது. தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் சுகாதாரப் பகுதியினரும் ஒரு மேசையில் அமர்ந்தால் இது ஆகாத காரியமன்று.