அரசியல் நமக்கு எதற்கு?

தெமட்டகொடையின் தோட்டங்களுக்கும் தொடர்மாடி வீடுகளுக்கும் சமூகப் பணியாளராகப் பல வருடங்களாகச் சென்று வருகின்றேன். பெண்கள் என்னோடு மனந்திறந்து பேசுவார்கள். பிள்ளையின் படிப்பு, கணவரின் குடி, வாரா வாரம் கட்ட வேண்டிய கடன் என்று எதையும் மறைக்க மாட்டார்கள். ஆனால் அரசியல் என்ற சொல் வந்தவுடன் முகம் மாறிவிடும். "அதெல்லாம் நமக்கு எதுக்கு மிஸ்? எலக்‌ஷன் நேரம் கும்பிட்டுக்கிட்டு வருவாங்க. அதுக்குப் பிறகு காணவே கிடைக்காது" என்பார்கள்.

அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருக்கின்றது. எனினும், நாம் அரசியலை விட்டு விலகினாலும் அது நம் வீட்டை விட்டு விலகுவதில்லை. ஒரு சமூகத்தின் வளங்களில் யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பதே அரசியல் என்று பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது கற்றுக்கொண்டேன். அதன் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது இந்தப் பகுதியின் வீடுகளில்தான்.

நமக்கு மிக அண்மையில் உள்ள மீதொட்டமுல்லையை எடுத்துக்கொள்வோம். கொழும்பு நகரத்தின் குப்பை வருடக்கணக்காக அங்கே மலையாகக் குவிக்கப்பட்டது. அதை எடுக்கும்படி அங்கிருந்த மக்கள் போராடினார்கள். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, அந்தக் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குப்பையை எங்கே கொட்டுவது என்பது ஓர் அரசியல் தீர்மானம். அந்தத் தீர்மானம் எடுக்கப்பட்ட இடத்தில் அந்த வீட்டுப் பெண்கள் எவரும் இருக்கவில்லை.

2022ஆம் ஆண்டையும் நாம் மறந்திருக்க மாட்டோம். எரிவாயு சிலிண்டருக்காக இரவிரவாக வரிசையில் நின்றோம். கிராமத்தில் இருப்பவர்கள் விறகை மூட்டியாவது சமைத்தார்கள். தொடர்மாடியின் எட்டாம் மாடியில் இருக்கும் பெண் எங்கே அடுப்பு மூட்டுவாள்? நாட்டின் டொலர் கையிருப்பு தீர்ந்துபோன செய்தி அவளுக்குப் பசித்த பிள்ளையின் அழுகையாகத்தான் வந்து சேர்ந்தது.

"சேவை செய்யலாம், அது புண்ணியம். அரசியல் வேண்டாம், அது சாக்கடை" என்று சொல்பவர்கள் அநேகர். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காத ஒரு பெண்மணி இதே கொழும்பில் வாழ்ந்தார். கனடாவில் பிறந்து, 1896இல் மருத்துவராக இலங்கைக்கு வந்து, ஒரு தமிழரைத் திருமணம் செய்துகொண்ட டொக்டர் மேரி இரட்னம்தான் அவர். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் பார்த்தார். பாடசாலைப் பிள்ளைகளுக்காகச் சுகாதார நூல்கள் எழுதினார். கிராமப் பெண்களுக்காக 1930இல் லங்கா மகிளா சமித்தியை ஆரம்பித்தார். அத்துடன் நின்றுவிடாமல் பெண்களின் வாக்குரிமைக்காகவும் குரல் கொடுத்தார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்ணும் அவரே.

ஆசியாவின் நொபெல் பரிசு என்று கூறப்படும் மக்சேசே விருது, பிலிப்பைன்சின் ஜனாதிபதியாக இருந்து 1957இல் விமான விபத்தில் இறந்த ரமோன் மக்சேசேயின் பெயரால் வழங்கப்படுவது. அது முதன்முதலாக வழங்கப்பட்ட 1958ஆம் ஆண்டிலேயே, பொதுச் சேவைக்கான விருது மேரி இரட்னத்துக்குக் கிடைத்தது. நோயாளிக்கு மருந்து கொடுத்த அதே கையால்தான் அவர் வேட்புமனுவிலும் ஒப்பமிட்டார்.

நமது வாக்குரிமையும் இலேசாகக் கிடைத்ததல்ல. 1927இல் அமைக்கப்பட்ட பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் அக்னஸ் டி சில்வா முதலானோர் டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தனர். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. நிச்சயமாக வேண்டும், அவர்களும் பெண்கள்தானே என்ற கருத்தில் அக்னஸ் பதிலளித்தார். 1931இல் இந்நாட்டில் சர்வசன வாக்குரிமை வந்தது. அடுத்த ஆண்டே நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்மணி கொழும்பு வடக்குத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார்.

கிடைத்தது பறிபோனதும் உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதன்பின் வந்த சட்டங்களும் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாகவும் வாக்கற்றவர்களாகவும் ஆக்கின. என் பாட்டி மஸ்கெலியாவில் ஒரு தோட்டத்தில் பிறந்து, கொழுந்து பறித்து, பிறகு மகளோடு கொழும்புக்கு வந்தவர். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. 1994ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அறுபது வயது கடந்த நிலையில் முதன்முதலாக வாக்களித்தார். நான் அப்போது சிறு பிள்ளை. வாக்களித்துவிட்டு வந்த பாட்டி, மை பூசிய விரலைத் தண்ணீரில் நனைக்காமல் ஒரு கையாலேயே சமைத்தார். யாருக்கு வாக்களித்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை. "கேட்க ஒரு நாதி இருக்குன்னு இப்பதான் தெரியுது" என்று மாத்திரம் சொன்னார். "அரசியல் நமக்கு எதுக்கு?" என்று யாரும் கேட்கும்போது எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வரும்.

நமது பிராந்தியத்தில் பெண்கள் உயர்பதவிக்கு வந்த பாதையையும் சற்று நோக்க வேண்டும். சிறிமாவோ பண்டாரநாயக்க 1960இல் உலகின் முதற் பெண் பிரதமரானது கணவர் கொல்லப்பட்ட பின்னரே. பிலிப்பைன்சில் கொரசோன் அக்கினோ 1986இல் ஜனாதிபதியானதும் கணவர் கொல்லப்பட்ட பின்னரே. கணவரின் அல்லது தந்தையின் பெயர்தான் பெண்ணுக்கு வாசலைத் திறந்துவிட்டது. சாதாரண குடும்பத்துப் பெண்ணுக்கு அந்த வாசல் மூடியே இருந்தது.

அது மெல்ல மெல்ல மாறி வருகின்றது. உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு சட்டமாகி, 2018 பெப்ரவரித் தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு 2 வீதம் அளவிலேயே இருந்த பெண்கள் ஒரேயடியாக 20 வீதத்தைத் தாண்டினர். கொழும்பு மாநகர சபை முதற் பெண் மேயரைக் கண்டதும் அந்த ஆண்டில்தான். 2024 செப்டெம்பரில் பிரதமராகப் பதவியேற்ற ஹரிணி அமரசூரிய அரசியல் குடும்பத்திலிருந்து வந்தவரல்லர். சமூகவியல் படித்தவர், பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்தவர். அதே ஆண்டு நவம்பர் தேர்தலில் பதுளையிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றம் சென்றார்கள். மாத்தறை மாவட்டத்தில் சிங்கள மக்களின் வாக்குகளால் ஒரு தமிழ்ப் பெண் தெரிவாகி அமைச்சரானார்.

ஆனால் ஒதுக்கீடு வந்தவுடன் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. எங்கள் பகுதியில் 23 வயதுப் பிள்ளையொருத்தி இருக்கின்றாள். பகலில் கணக்கு எழுதும் வேலை. மாலையில் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் அயல் வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லிக் கொடுக்கின்றாள். 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்பு ஒரு கட்சிக்காரர்கள் அவளைத் தேடி வந்தார்கள். பெண்களின் எண்ணிக்கையை நிரப்ப மேலதிகப் பட்டியலில் அவளது பெயர் வேண்டும் என்றார்கள்.

தாய் அழுதார். "பொம்பளப் புள்ள படம் நோட்டிஸ்ல வந்தா நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவாங்க?" என்று என்னிடம் முறையிட்டார். பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆண் வேட்பாளரிடம் கொள்கை கேட்கும் சமூகம், பெண் வேட்பாளரிடம் நடத்தை பற்றிக் கேட்கின்றது. முகநூலில் அவளைப் பற்றி ஏதேதோ எழுதினார்கள். அவள் அதற்குப் பதில் எழுதவில்லை. ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். அடைபட்ட கான், எரியாத வீதி விளக்கு, சிங்களத்தில் மாத்திரம் வரும் கடிதம் என்று நாற்பது வீடுகளின் குறைகளை எழுதி எடுத்தாள்.

தேர்தல் முடிந்தது. கட்சிக்குக் கிடைத்த ஆசனங்களில் அவளுக்கு ஒன்றும் ஒதுக்கப்படவில்லை. காரணத்தையும் எவரும் சொல்லவில்லை. மனம் உடைந்திருப்பாளோ என்று நான் பார்க்கப் போனேன். "சீட் இல்லாட்டி என்ன அக்கா, கொப்பி என்கிட்டதானே இருக்கு" என்றாள். வேறு கட்சியிலிருந்து தெரிவான உறுப்பினரிடமே அந்தக் கொப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூன்று தடவை அலைந்த பின்பு கான் சுத்தம் செய்யப்பட்டது. மற்றவை இன்னும் அப்படியே இருக்கின்றன. அவளும் விடுவதாக இல்லை.

2022இல் மாத்திரம் வெளிநாட்டு வேலைக்காக இந்நாட்டை விட்டுப் போனவர்கள் 3 இலட்சத்துக்கும் அதிகம். போகிறவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் இங்கேயே இருக்கிற பிள்ளைகளுக்கு நாம் என்ன நம்பிக்கை கொடுக்கப் போகின்றோம்?

2022 மே 9ஆம் திகதி மக்கள் போராட்டத்தின் முன்னால் இங்கே பிரதமர் பதவி விலகினார். அதே தினத்தில் பிலிப்பைன்ஸ் மக்கள், 1986இல் வீதியில் இறங்கி விரட்டிய மார்கோசின் மகனைத் தங்கள் ஜனாதிபதியாகத் தெரிவு செய்தார்கள். ஒருவரை விரட்டுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்பதே இதிலிருந்து நாம் கற்க வேண்டியது. வீதியில் இறங்குவது சில மாதத்து வேலை. கொப்பியும் கையுமாக அலைவது ஆயுட்கால வேலை. அந்தச் சிறிய, அலுப்பான வேலையைச் செய்ய இளையவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு நம்பிக்கை தருகின்றது.

அன்புச் சகோதரிகளே, எல்லோரும் தேர்தலில் நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயரும் 18 வயதான பிள்ளைகளின் பெயரும் உள்ளதா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் வட்டாரத்து உறுப்பினர் யார் என்று அறிந்துகொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் ஒழுங்கைக்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று எழுதிக் கேட்கலாம். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம், அதிகாரி அதை எழுதி எடுக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளையொருத்தி பொது வேலைக்கு வருகிறேன் என்றால், ஊர் என்ன சொல்லும் என்று முதலில் யோசிக்காதீர்கள். அவள் வீடு வீடாகப் போகும்போது கூடவே நீங்களும் போங்கள். தாய் பக்கத்தில் நின்றால் பேசுகிற வாய்கள் பாதி அடங்கிவிடும்.