எரிமலைகளின் நிழலில் ஓர் ஆடுகளம்

மெக்சிகோவிற்குத் தெற்கே, பசிபிக் பெருங்கடலுக்கும் கரீபியன் கடலுக்கும் நடுவே அமைந்துள்ள மலைநாடு குவாத்தமாலா. அதன் மேட்டு நிலங்களில் கடும் வெயிலும் இல்லை, கடுங்குளிரும் இல்லை. ஆகவே 'நித்திய வசந்தத்தின் நாடு' என்று அம்மக்கள் தம் நாட்டைப் பெருமையுடன் அழைக்கின்றனர். தலைநகருக்கும் குவாத்தமாலா என்றே பெயர். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், ஆழ்ந்த பள்ளத்தாக்குகள் சூழ அந்நகர் விரிந்து கிடக்கிறது.

2000-ஆம் ஆண்டின் இறுதியில் இந்நகரில்தான் உள்ளரங்கக் கால்பந்து உலகச் சாம்பியன் போட்டி நடந்தேறியது. அணிக்கு ஐவர் வீதம் கூரையின்கீழ் ஆடப்பெறும் ஆட்டம் இது. பதினொருவர் ஆடும் பெருங்கால்பந்தை நன்கறிந்த நம் குடும்பங்களுக்கும் இச்சிற்றாட்டம் புதிதாகத் தோன்றக்கூடும். அந்த அரங்கைக் காணும் ஆவலுடன் நாம் அந்நகருக்குச் சென்றிருந்தோம். ஆயினும் நகரின் கதையை அறிந்தாலன்றி அரங்கின் கதை விளங்காது. ஆதலால் முதலில் நகரைச் சற்றுச் சுற்றி வருவோம்.

நடுங்கும் நிலம்

தென்திசையில் கண்ணோட்டினால் வானத்தை முட்டும் எரிமலைகள் தெரிகின்றன. ஒன்றின் பெயர் ஆகுவா. ஸ்பானிய மொழியில் நீர் என்று பொருள். மற்றொன்றின் பெயர் ஃபுவேகோ. நெருப்பு என்று பொருள். பெயருக்கேற்ப அந்த நெருப்பு மலை இன்றும் ஓய்ந்தபாடில்லை. 2018 ஜூன் 3 அன்று அது சீறி எழுந்தபோது அடிவாரச் சிற்றூர்கள் சாம்பலில் புதையுண்டன.

நிலமும் நிலையானதன்று. இந்நாட்டின் பழைய தலைநகரான ஆன்டிகுவா, 1773-இல் நேர்ந்த நிலநடுக்கங்களால் சிதைந்தது. அதன் பின்னர், 1776-இல், தலைநகர் இப்போதுள்ள இடத்திற்கு மாற்றப்பட்டது. ஆனால் ஆபத்தும் உடன் வந்தது. 1976 பிப்ரவரி 4 அன்று விடியுமுன் நேர்ந்த நிலநடுக்கத்தில் நாடெங்கும் ஏறத்தாழ 23,000 பேர் மாண்டனர். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர்.

இயற்கை செய்த கொடுமையினும் மனிதர் செய்த கொடுமை பெரிது. 1960 முதல் 1996 வரை, முப்பத்தாறு ஆண்டுகள், அங்கு உள்நாட்டுப் போர் நடந்தது. கொல்லப்பட்டோரும் காணாமற்போனோரும் இரண்டு இலட்சத்திற்கு மேல் என்று ஐக்கிய நாடுகளின் துணையோடு அமைந்த உண்மை ஆணையம் கணக்கிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மாயா இனத்து ஏழை எளிய மக்கள்.

நகரின் நடுச்சதுக்கத்தில் உள்ள பேராலயத்தின் முன்னே கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் அலங்கார வேலைப்பாடுகளைத் தேடிய நம் கண்கள் பெயர்களைக் கண்டன. போரில் உயிரிழந்தோரின் பெயர்கள் தூண்கள் நெடுகிலும் செதுக்கப்பட்டுள்ளன. இப்பேராலயத்தில்தான் ஆயர் ஹுவான் ஹெரார்தி, போர்க் கொடுமைகளைத் தொகுத்த அறிக்கையை 1998 ஏப்ரல் 24 அன்று வெளியிட்டார். இரண்டே நாள்களில், 26-ஆம் தேதி இரவில், தம் பங்கு இல்லத்தில் அவர் படுகொலை செய்யப்பட்டார்.

அச்சதுக்கத்தின் மற்றொரு பக்கத்தில் பழைய அரசு மாளிகை உள்ளது. 1996 டிசம்பர் 29 அன்று அமைதி உடன்படிக்கை கையெழுத்தானது அங்கேதான். அதன் நினைவாக, இரு கைகள் வெண்ணிற ரோஜா மலரை ஏந்துவதுபோல் ஒரு சின்னம் மாளிகையில் அமைந்துள்ளது. இரண்டுமே இடக்கைகள்! ஒரே மனிதனுக்கு இரண்டு இடக்கைகள் இருக்க இயலாது. ஆகவே இருவர் சேர்ந்தே அம்மலரைத் தாங்க வேண்டும் என்று நாம் பொருள் கொண்டோம். வாடிய மலரை மாற்றிப் புதுமலர் வைக்கும் சடங்கும் அங்கு உண்டு. அமைதி என்பது ஒருநாள் வைத்துவிட்டுப் போகும் மலர் அன்று அல்லவா!

சிறிய இடத்தில் பெரிய ஆட்டம்

நகரின் வடபுறத்துப் பூங்காவில் ஒரு விந்தை உள்ளது. 1904, 1905-ஆம் ஆண்டுகளில் பொறியாளர் பிரான்சிஸ்கோ வேலா என்பவர் குவாத்தமாலா நாடு முழுவதையும் திறந்தவெளியில் ஒரு மாதிரி நிலப்படமாகக் கட்டிவைத்தார். மலைகள், ஆறுகள், கடற்கரை யாவும் அங்கே உள்ளன. மலைகள் நன்கு தெரியும்பொருட்டு அவற்றின் உயரத்தை மட்டும் மிகுத்துக் காட்டியுள்ளார். மேடையொன்றில் ஏறி நின்றால் ஒரு நாட்டையே கண்ணுக்குள் அடக்கிவிடலாம்.

அதைக் கண்டபோது நமக்கு உள்ளரங்கக் கால்பந்தின் பிறப்பு நினைவுக்கு வந்தது. அதுவும் பெரியதைச் சிறிய இடத்தில் அடக்கிய கதையே. 1930-ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவின் உருகுவே நாடு, தன் தலைநகர் மான்டிவிடியோவில் முதல் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை நடத்தித் தானே வெற்றியும் பெற்றது. அதே ஆண்டில், அதே நகரில், கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தில் பணியாற்றிய ஹுவான் கார்லோஸ் செரியானி என்னும் ஆசிரியர், உடற்பயிற்சிக் கூடத்துக்குள்ளேயே ஆடத்தக்க கால்பந்து ஒன்றை வகுத்தார். ஐவர் ஆடும் முறையைக் கூடைப்பந்திலிருந்தும், ஆடுகளத்தின் அளவைக் கைப்பந்திலிருந்தும், கோல் காவலருக்கான விதிகளை நீர்ப்பந்திலிருந்தும் எடுத்துக்கொண்டார்.

உலகப் போட்டிகளில் இதன் களம் 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்டது. கோல் கம்பங்களுக்கிடையே 3 மீட்டர். உயரம் 2 மீட்டர். பந்து வழக்கமான கால்பந்தைவிடச் சிறியது, அதிகம் துள்ளாதது. எனவே வானில் உதைப்பதைவிடத் தரையில் உருட்டிக் கைமாற்றுவதே இங்குத் திறமை. பாதிக்கு இருபது நிமிடம்; பந்து களத்திற்கு வெளியே போனால் கடிகாரம் நிறுத்தப்படும். எத்தனை முறை வேண்டுமாயினும் ஆளை மாற்றலாம்.

விதிகளுள் ஒன்று நம் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது. பெருங்கால்பந்தில் ஒருவர் தவறிழைத்து வெளியேற்றப்பட்டால், ஆட்டம் முடியும்வரை அவ்வணி ஓர் ஆள் குறைவாகவே ஆட வேண்டும். இங்கோ, இரண்டு நிமிடம் கழிந்தபின், அல்லது அதற்குள் ஆள் மிகுந்த எதிரணி கோல் போட்டுவிட்டால், வேறொருவரை அழைத்துக்கொள்ளலாம். தவறியவர் திரும்ப இயலாது. ஆனால் அவர் பொருட்டு அணி முழுவதும் இறுதிவரை வருந்த வேண்டியதில்லை.

இருபத்தொன்பதுக்கு இரண்டு

அகில உலகக் கால்பந்துக் கழகம் இப்போட்டியை முதன்முதலாக 1989-இல் ஹாலந்தில் நடத்தியது. அடுத்து 1992-இல் ஹாங்காங்கிலும், 1996-இல் ஸ்பெயினிலும் நடந்தது. மூன்றிலும் வாகை சூடியது பிரேசில். நான்காவது போட்டியை நடத்தும் பேறு குவாத்தமாலாவுக்குக் கிட்டியது. அமைதி உடன்படிக்கை கையெழுத்தாகி நான்கு ஆண்டுகள்கூட நிறையாத காலம் அது. 16 நாடுகள் அத்தலைநகருக்கு வந்தன.

'டோமோ' என்று மக்கள் அழைக்கும் குவிமாட அரங்கினுள் நாம் நின்றபோது அது வெறுமையாக இருந்தது. ஆயிரக்கணக்கானோர் அமரும் இருக்கைகள் சூழ, நடுவே களம் ஒரு வீட்டு முற்றம்போல் சிறுத்துத் தோன்றியது.

விருந்தளித்த நாட்டுக்கு அந்த ஆண்டு நேர்ந்ததைச் சொல்லத்தான் வேண்டும். முதற்சுற்றில் குவாத்தமாலா பிரேசிலை எதிர்த்து ஆடியது. நாற்பது நிமிட ஆட்டம். பிரேசில் 29 கோல், குவாத்தமாலா 2 கோல். சொந்த நகரில், சொந்த மக்கள் முன்னே இப்படியொரு தோல்வி! வேறொரு நாடாயின் அந்த ஆட்டத்தோடு இவ்விளையாட்டையே கைவிட்டிருக்கும்.

ஆனால் போட்டி தொடர்ந்தது. டிசம்பர் 3 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில், வெல்ல முடியாதது என்று கருதப்பட்ட பிரேசிலை ஸ்பெயின் 4-3 என்ற கணக்கில் வென்றது. பிரேசிலின் மனோவேல் டோபியாஸ் அப்போட்டியில் 19 கோல் போட்டு எல்லாரினும் முந்தி நின்றார். ஆயினும் கோப்பை அவர் அணிக்குக் கிட்டவில்லை. வலியவருக்கும் ஒரு நாள் உண்டு என்பதைக் குவாத்தமாலா மக்கள் தம் அரங்கிலேயே கண்டனர்.

தோற்றவர் என்ன செய்தனர்? எட்டு ஆண்டுகள் உழைத்தனர். 2008-இல் வட, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகளுக்கான போட்டி அதே தலைநகரில் நடந்தபோது குவாத்தமாலாவே வாகை சூடியது. அதே ஆண்டு பிரேசிலில் நடந்த உலகப் போட்டிக்கும் அது தகுதி பெற்றுச் சென்றது.

அந்த 2008 போட்டியில் மற்றொரு சிறு நாடு பெரும் அடி வாங்கிற்று. பசிபிக் பெருங்கடலின் சாலமன் தீவுகள் அணியை ரஷ்யா 31-2 என்று தோற்கடித்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2012-இல் தாய்லாந்தில், உலகப் போட்டியில் தன் முதல் வெற்றியை அத்தீவு நாடு பெற்றது. வென்றது யாரை? 4-3 என்ற கணக்கில் குவாத்தமாலாவை! அன்று வீழ்ந்தவர் எழுந்தனர்; எழுந்தவர் மீண்டும் சறுக்கினர். ஆயினும் அதன் பின்னரும் குவாத்தமாலா ஓயவில்லை. 2024-இல் உஸ்பெகிஸ்தானில் நடந்த உலகப் போட்டியிலும் அதன் அணி களமிறங்கியது.

அந்நகரின் புறப்பகுதி ஒன்றில், ஒரு மாலை வேளையில், சிமென்டுத் தளத்தில் சிறுவர் ஐவர் ஐவராகப் பிரிந்து ஆடுவதைக் கண்டோம். வேலிக்கப்பால் பள்ளத்தாக்கு; அதற்கப்பால் எரிமலை. நடுங்கும் நிலத்தில், போர் கண்ட மண்ணில், கிடைத்த சிறு தளமே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது.

வாசக அன்பர்களே, நம் இல்லங்களிலும் மதிப்பெண் பட்டியலைக் கையில் ஏந்தித் தலைகுனிந்து வரும் பிள்ளைகள் உண்டு. 'இத்தனைதானா?' என்று கேட்க நம் நா துடிக்கும். அவ்வேளையில் இருபத்தொன்பதுக்கு இரண்டு என்ற கணக்கை நினைவில் கொள்வோம். அந்த இருபத்தொன்பதை உலகம் எழுதி வைத்துக்கொண்டது. குவாத்தமாலாவோ அந்த இரண்டிலிருந்து எண்ணத் தொடங்கியது. நம் பிள்ளைகளின் இரண்டையும் நாம் முதலில் எண்ணக் கற்றுக்கொண்டால், மீதத்தை அவர்களே எண்ணிக்கொள்வார்கள்.