மைக் முன்னால் பழகிய குரல்

நாடியம்மன் கோயில் திருவிழாவில் வள்ளி திருமணம் பார்த்து வளர்ந்த பட்டுக்கோட்டைக்காரர்களுக்கு நடிப்பு என்றால் முதலில் தொண்டைதான். கடைசியில் துண்டை விரித்துப் படுத்திருப்பவரையும் எழுப்பி உட்கார வைக்க வேண்டும். எங்கள் கவிஞர் கல்யாணசுந்தரம் சக்தி நாடக சபாவில் வேஷம் கட்டியவர். சிவாஜி கணேசனும் அந்தச் சபாவில் இருந்தவர். அந்த மரபில் ஊறிய என் காதுக்குப் பூர்ணம் விஸ்வநாதன் பெரிய ஆச்சரியம். குரலை உயர்த்தாமலே அவரால் கோபப்பட முடிந்தது.

அதற்குக் காரணம் வானொலி என்றே நினைக்கிறேன். அவர் தில்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். 1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையது. மூடிய அறையில், மைக்குக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பேசுகிறவருக்குக் கேட்பவர் யாரும் கண்ணுக்குத் தெரிவதில்லை. கைதட்டலும் கிடையாது. மூச்சு எங்கே நிற்கிறது, ஒரு சொல்லுக்கு முன் எவ்வளவு மௌனம் வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் படியும். பிறகு சென்னைக்கு வந்து ‘திட்டம்’ இதழின் ஆசிரியராக இருந்தார். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டே நாடகத்தை விடாமல் பிடித்திருந்தார். எழுத்து குடும்பத்திலேயே இருந்தது: ‘முள்ளும் மலரும்’ நாவலை எழுதிய உமாசந்திரன் அவருடைய சகோதரர்.

எழுத்தாளர் சுஜாதாவின் நாடகங்கள் அவரைத் தேடி வந்தது மைக் முன்னால் பழகிய அந்தக் குரலால்தான். ‘கடவுள் வந்திருந்தார்’ நாடகத்தில் அவர் ஓய்வுபெற்ற ஸ்ரீனிவாசன். எதிர்காலத்திலிருந்து வரும் ஒருவன் அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான். முதலில் ஊர் அவரைப் பைத்தியம் என்கிறது. அப்புறம் கும்பிட வருகிறது. ஆளே இல்லாத இடத்தைப் பார்த்துப் பேசி, அங்கே ஒருவன் நிற்கிறான் என்று பார்ப்பவரை நம்ப வைக்க வேண்டிய வேடம் இது. வசனத்தை உரக்க எறிந்து பழகியவரிடம் இது தோற்றுப்போயிருக்கும்.

தொலைக்காட்சிக்கும் இந்த நடிப்புதான் பொருந்தியது. சென்னைத் தொலைக்காட்சி 1975-இல் தொடங்கியபோதும், கடலோரம் என்பதால் எங்கள் பக்கத்து ஆன்டெனாக்களில் இலங்கையின் ரூபவாகினிதான் பல காலம் தெளிவாகத் தெரிந்தது. சென்னை நாடகங்கள் எங்களுக்குத் தாமதமாகவே கிடைத்தன.

சினிமாவில் அவர் கதாநாயகன் ஆனதில்லை. ‘வறுமையின் நிறம் சிவப்பு’ படத்தில் மகன் சலூனில் வேலை பார்ப்பதைக் கண்டுவிடும் அப்பா, ‘வருஷம் பதினாறு’ படத்தில் தாத்தா. டெல்டாக்காரனாக என் மனத்துக்கு நெருக்கமானது ‘மகாநதி’. திருநாகேஸ்வரத்திலிருந்து பட்டணத்துக்குப் போய் ஏமாந்து சிறைக்கு வந்த கிருஷ்ணசாமிக்கு, உள்ளே துணையாக இருக்கும் பஞ்சாபகேசன் அவர். அந்தக் கம்பிகளுக்குள் காவிரிக்கரை மனிதனுக்கு மிஞ்சிய ஒரே ஆறுதல் அந்த முதியவரின் நிதானம். அதை வேறொருவர் செய்திருக்கலாம் என்று என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

2008-இல் அவர் மறைந்தார். சுஜாதாவும் அதே ஆண்டில்தான் போனார். நாடகப் பிரதிகள் அச்சில் இருக்கின்றன. ‘கடவுள் வந்திருந்தார்’ போடப் பெரிய செட் வேண்டாம், ஒரு வீட்டுக் கூடம் போதும். நம் ஊர்க் கல்லூரிப் பிள்ளைகள் இந்த ஆண்டு விழாவுக்கு அதை எடுத்துப் போடட்டும். ஆசிரியர்கள் ஒத்திகைக்கு ஒரு வகுப்பறையைத் திறந்து விடுங்கள்.