படகுத்துறையில் ‘தூஸ்மான்’

போன மே மாதம் திண்டுக்கல் வெயில் தாங்காமல் பேரப்பிள்ளைகளோடு கொடைக்கானல் ஏறினோம். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் உருவாக்கிய ஏரியில் படகு விட வேண்டுமாம்!

படகு இன்னும் கட்டப்படவில்லை. அதற்குள் பேத்தி காலைத் தூக்கிவிட்டாள். படகு விலகியது, நடுவே ஒரு முழம் தண்ணீர். “தூஸ்மான்!” என்று கத்திவிட்டேன். காரைக்காலில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் ஓயாமல் சொன்ன சொல். ‘மெதுவாக’ என்று அர்த்தம். அவளுக்குச் சொல் புரியவில்லை, குரல் புரிந்தது. அப்படியே நின்றாள்.

எனக்கோ நெஞ்சு படபடத்தது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டது நினைவுக்கு வந்தது. ஆபத்து நடு ஏரியில்தான் என்று நினைக்கிறோம், கரையிலேயே தொடங்கிவிடுகிறது.

அங்கேயே சட்டம் போட்டேன். லைஃப் ஜாக்கெட்டைத் துறைக்கு வருமுன்பே மாட்டி, வார்களை இறுக்கிப் பூட்ட வேண்டும். படகைக் கட்டிய பிறகே கால் வைக்க வேண்டும். பெரியவர் ஒருவர் முதலில் ஏறி உட்கார்ந்து, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கைபிடித்து ஏற்ற வேண்டும். போட்டோவுக்காக யாரும் எழுந்து நிற்கக் கூடாது.

அப்படியே ஏறி, ஆனந்தமாகச் சுற்றி வந்தோம். இறங்கும்போது என் கால் சற்றுத் தடுமாறியது. பேத்தி கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தாத்தா, தூஸ்மான்!”